சி சென்டர் மகாஜனங்களே!

தமிழ்நாட்டுக்கு இரண்டு மேப் உண்டு. கவர்மெண்ட் வைத்திருக்கும் மேப்பில் மாவட்டம், தாலுகா, ஆறு, மலை எல்லாம் இருக்கும். கோடம்பாக்கம் வைத்திருந்த மேப்பில் அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. சிட்டி, என்.எஸ்.சி., கோவை, சேலம், டி.டி., எம்.ஆர்., டி.கே. உலகம் அவ்வளவுதான். எம்.ஆர். என்றால் மதுரை, ராமநாதபுரம். அதற்குள் மேற்கே மலை முட்டுகிற மூலையில் போடிநாயக்கனூர் என்று ஓர் ஊர். அங்கே மனுஷர்கள் இருக்கிறார்களா என்பது முக்கியமில்லை. படப்பெட்டி போய்ச் சேர்ந்தால் சரி.

ஏரியா பிரித்ததோடு விட்டார்களா? ஆட்களையும் பிரித்தார்கள். ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர். ஏ சென்டர்க்காரர் படித்தவர், இங்கிலீஷ் படம் பார்ப்பவர், நுணுக்கம் தெரிந்தவர். என்ன, படம் சுமார் என்று பேச்சு வந்தால் அந்தப் பக்கமே தலைவைக்க மாட்டார். சி சென்டர்க்காரர் கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்காருபவர். எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் மண்டையில் ஏறும். ஆனால் கல்லா நிரம்புவது அவரால்தான். ஆக, சோறு போடுகிறவருக்கு மூளை கிடையாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

அந்த விதியை எழுதியவரை ஒரே ஒரு நாள் போடிக்குக் கூட்டிவந்து ஏலக்காய் ஏலத்தைக் காட்டியிருக்கலாம். மலையிலிருந்து இறங்கும் காயைச் சலித்து, 8 மில்லிமீட்டர் ஒரு ரகம், 7 ஒரு ரகம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். வியாபாரி சாம்பிளைத் தட்டில் கொட்டுவார். இரண்டு விரலால் உருட்டுவார். ஒரு காயை உரித்து உள்ளே அரிசியைப் பார்ப்பார். அவர் மனசுக்குள் விலை விழுவதற்கு ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகாது. சாயம் ஏற்றிய பச்சை எது, மரத்தடி நிழலில் விளைந்த பச்சை எது என்று அவரிடம் யாரும் வாய்ஸ் ஓவரில் சொல்ல வேண்டியதில்லை. இதே மனுஷன் சாயங்காலம் குளித்து, வேட்டி மாற்றி, சினிமாவுக்குப் போனால் மட்டும் மூளையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டுப் போகிறார் என்று கோடம்பாக்கம் சத்தியமாக நம்பியது. தரம் பிரிப்பதையே தொழிலாக வைத்திருந்தவரை, அந்த ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்காதவர்கள் தரம் பிரித்தார்கள்!

வியாதி புதுசு ஒன்றும் இல்லை. தமிழ் சினிமா வாய் திறந்த அன்றைக்கே தொற்றிக்கொண்டது. 1931, 'காளிதாஸ்', நம் முதல் பேசும் படம். எடுத்தது பம்பாயில். நாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேசுவார். நாயகன் பி.ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்வார். நடுவில் ஹிந்தியும் எட்டிப்பார்க்கும். அவர் பேசியது இவருக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்கக் கூடாது. கல்யாணமான வீடுகளில் ஒரே மொழி பேசியும் புரியாமல் இருப்பதில்லையா, அதற்கு இது தேவலை. 400 கோடி போட்டு பான் இந்தியா படம் எடுத்தேன் என்று மார்தட்டுகிறவர்களே, டைரக்டர் எச்.எம். ரெட்டி அந்த வேலையை ஒரே பிரிண்டில் முடித்துவிட்டார். டப்பிங் செலவுகூட மிச்சம்.

கதை காளிதாசன் கதை. பாட்டு? தியாகராஜர் கீர்த்தனை! இரண்டு பேருக்கும் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. போதாததற்கு காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு. காளிதாசன் காலத்தில் கதர் பிரசாரம்! தரை டிக்கெட்டுக்கு சரித்திரமா தெரியப்போகிறது என்று யாராவது நினைத்திருந்தால், ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் ஆட்சி நடக்கும்போது ஒரு சினிமாவில் ராட்டினம் எதற்குச் சுற்றுகிறது என்று தரை டிக்கெட்டுக்கு நன்றாகவே தெரிந்தது. அந்தப் பாட்டுக்குத்தான் தேதி சரியாக இருந்தது.

அதற்கும் முன்னால், ஊமைப்பட காலத்தில், கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லிக்கொண்டிருப்பார். "இதோ ராஜா வருகிறார், கோபமாக வருகிறார்" என்று உரக்க ஒரு வர்ணனை. அவர் வேலைக்கு நியாயம் இருந்தது. படம் ஊமை, கார்டில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். பேசும்படம் வந்ததும் அவருக்கு ஒரு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். மனுஷன் போகவில்லை. நைசாகப் படத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்.

எப்படி என்கிறீர்களா? பழைய படத்தில் கடிதம் வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கதாநாயகி உறையைப் பிரிக்கிறாள். திரை முழுக்கக் கடிதம், குண்டு குண்டு எழுத்தில். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக எழுதியவரின் குரல் அதைப் படிக்கிறது. சரி, நல்ல எண்ணம்தான். குரல் யாருடையது என்று நாம் குழம்பிவிட்டால்? கடிதத்தின் நடுவே வட்டமாக அவர் முகம் தோன்றி உதட்டை அசைக்கிறது. அதுவும் போகட்டும். எல்லாம் முடிந்து, கடிதத்தைக் கசக்கி, தூணில் சாய்ந்து அவள் சொல்வாள்: "என்ன! அவர் என்னை மறந்துவிட்டாரா!" ஒரே சேதி நாலு தடவை. போஸ்ட்மேன்கூட ஒரு தடவைதான் கொடுத்துவிட்டுப் போனார்.

சாவு என்றால் விளக்கு அணையும். முதலிரவு என்றால் இரண்டு பூ முட்டிக்கொள்ளும். கெட்ட சேதி வந்தால் இடி இடிக்கும், சித்திரை மாச வெயிலாக இருந்தாலும். டாக்டர் மூக்குக்கண்ணாடியில் கை வைத்ததுமே பெஞ்ச் டிக்கெட் அத்தை மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவார். பாவம் டாக்டர், அதற்கப்புறமும் முழு வசனத்தையும் சொல்லித் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கதை இலாகா விடாது. 2024இல் அமெரிக்காவில் ஒரு பேச்சு கிளம்பியது. போனை நோண்டிக்கொண்டே படம் பார்க்கிறவர்களுக்காக, பாத்திரங்கள் தாங்கள் செய்வதை வாயாலும் சொல்லிவிடட்டும் என்று ஓடிடி கம்பெனிக்காரர்கள் எழுத்தாளர்களிடம் கேட்கிறார்களாம். உலகமே திடுக்கிட்டது. நம்ம ஊர் கதை இலாகாவில் ரிட்டையர் ஆன ஒரு தாத்தாவுக்கு பிளைட் டிக்கெட் போட்டிருந்தால் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் ட்ரெயினிங் கொடுத்திருப்பார்.

பாட்டு விவகாரத்துக்கு வருவோம். 1934இல் வந்த 'பவளக்கொடி'யில் சுமார் 50 பாட்டு. தியாகராஜ பாகவதரின் முதல் படம். கதை எங்கே என்று கேட்டால், அவர் மூச்சு வாங்கிய இடைவெளிகளில் இருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெயில் வெளிச்சத்தில்தான் ஷூட்டிங். சாப்பாட்டு வேளைக்கு வரும் காக்காய்கள் கத்தி ஒலிப்பதிவைக் கெடுக்கின்றன என்று, துப்பாக்கியோடு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள் என்பார்கள். காக்காய் பொல்லாதது, அதை லேசில் ஏமாற்ற முடியாது, தனியாக ஆள் போடு! டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவரைப் பற்றி அப்படி ஒரு மரியாதையான முடிவுக்கு வர, இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று.

ஜெமினி எஸ்.எஸ். வாசன் இதில் கொஞ்சம் தனி ரகம். 1948இல் 'சந்திரலேகா' எடுத்தார். செலவு சுமார் 30 லட்சம் என்பது கணக்கு. சர்க்கஸ், குதிரை, ராட்சச முரசுகள், முரசு மேல் கூட்டம் கூட்டமாக ஆட்டம், கடைசியில் முரசுக்குள்ளிருந்து சிப்பாய்கள்! பாமரனுக்கான கோலாகலம் இது என்கிற மாதிரி அவரே சொல்லிக்கொண்டார். ஆனால் பாமரன் கண்ணுக்கு விருந்து வைக்க, கையில் இருந்ததையெல்லாம் கொட்டினார். பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து 'பாமரன்' என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, 30 லட்சத்தைப் பத்திரமாக விட்டுவிட்டார்கள்.

வாசனே 1953இல் 'ஔவையார்' எடுத்தார். அப்போது முதலமைச்சர் ராஜாஜி. போய்ப் பார்த்தார். வீட்டுக்கு வந்து டயரியில் எழுதிவைத்தார்: படம் சுமார், இடியும் மின்னலும் ஜாஸ்தி, இவ்வளவு பணமும் ஆர்வமும் போட்டு எடுத்ததை எப்படிக் குறை சொல்வது என்கிற ரீதியில். பாருங்கள், மூதறிஞருக்கே முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. சி சென்டர்க்காரருக்கு டயரி எழுதும் பழக்கம் கிடையாது. அவர் இடைவேளையில் சோடா கடையிலேயே சொல்லிவிடுவார்.

கோடம்பாக்கத்தில் அதிகம் புழங்கிய வாக்கியம் எது தெரியுமா? "ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க." சொல்கிறவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பழியை மட்டும் ஜனங்கள் தலையில் போட்டுவிடுவது. 'பராசக்தி' எடுத்துக்கொண்டிருந்தபோது ஏவி.எம். மெய்யப்ப செட்டியாருக்குக் கதாநாயகன் மேல் சந்தேகம். நாடகத்திலிருந்து வந்த ஒல்லிப் பையன், எடுபடுவானா? கே.ஆர். ராமசாமியைப் போட்டுவிடலாமே? கூட்டுத் தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள், போட்டால் கணேசன்தான் என்று உட்கார்ந்துவிட்டார். 1952 தீபாவளிக்குப் படம் வந்தது. ஒல்லிப் பையன் சிவாஜி கணேசன் ஆனார். அவர் முதல் வசனம் பேசிய இடத்தில் ஏவி.எம். ஸ்டுடியோ பிற்பாடு நினைவுச் சின்னமே வைத்தது. வெளியே அனுப்பப் பார்த்த அதே காம்பவுண்டுக்குள்!

செட்டியாரைக் கிண்டல் செய்துவிட்டு அப்படியே போய்விடக் கூடாது. இரண்டே வருஷத்தில், 1954இல், அதே சிவாஜியை வைத்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தை எடுத்தவரும் அவர்தான். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. படம் ஆரம்பித்ததுமே கதாநாயகனைச் சுட்டுவிடுவார்கள். ஆடியன்ஸை நம்பி ஒரு முதலாளி அவ்வளவு தூரம் இறங்கியது அதுவரை நடந்ததில்லை. ஆடியன்ஸ் காலை வாரியது. ஆமாம், வாரியது, ஜனங்கள் எப்போதும் சரி என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் அந்த ஒரு தோல்வியை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொண்டு, "பார்த்தியா, பாட்டு இல்லன்னா ஓடாது" என்று பல வருஷம் பேசினார்கள். 50 பாட்டோடு ஊத்திக்கொண்ட படங்களுக்கு யாரும் ஃபிரேம் போடவில்லை.

எம்.ஜி.ஆர். சாகக் கூடாது என்பது இன்னொரு சட்டம். 1962இல் 'பாசம்' படத்தில் செத்தார், படம் ஓடவில்லை. முடிந்தது, கேஸ் குளோஸ். வாத்தியார் செத்தால் சி சென்டரில் கொட்டகையைக் கொளுத்திவிடுவார்கள்! அப்படியானால் 1956இல் 'மதுரை வீர'னில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு அவர் செத்தாரே, அந்தப் படம் சக்கைப்போடு போட்டதே, அது என்ன கணக்கு? மதுரை வீரன் சாவான் என்பது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாகாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு பேரன் பேத்தியோடு கிளைமாக்ஸில் நின்றிருந்தால்தான் கொட்டகை தப்பித்திருக்காது.

இப்போது சி சென்டர்க்காரர் திருப்பி அடித்த கதைக்கு வருவோம். அது மலையில் ஆரம்பிக்கிறது.

1958இல் போடிக்கு மேலே, கேரளத்துத் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாட்டுக் கச்சேரி நடத்தி ஓட்டுக் கேட்டவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். கூடவே பாடிக்கொண்டு திரிந்த பொடியன் அவருடைய தம்பி. பகலெல்லாம் இடுப்பொடிய வேலை செய்துவிட்டுக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிற கூட்டம். பாட்டு நன்றாக இல்லை என்றால் கைதட்டக்கூடப் போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்காது. அந்தத் தேர்தலில் ரோசம்மா ஜெயித்தார். தம்பி பிற்பாடு மெட்ராஸுக்குப் போனார். 1976இல் 'அன்னக்கிளி'க்கு முதல் பாட்டு ரெக்கார்டிங் ஆரம்பித்ததும் கரண்ட் போய்விட்டது. சகுனம் சரியில்லை என்று அங்கே முணுமுணுத்தார்கள். கரண்ட் போனதற்கெல்லாம் பயப்படுகிற ஊரிலிருந்தா இளையராஜா வந்தார்?

மறு வருஷம் அல்லிநகரத்து ஆள் வந்தார். போடியிலிருந்து 15 கிலோமீட்டர் தூரத்தில், இன்றைய தேனி டவுனுக்குள்ளேயே இருக்கிறது அல்லிநகரம். பாரதிராஜா 'மயில்' என்று கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுக்க அரசாங்கத்துச் சினிமாக் கடனுக்கு மோதிப் பார்த்தார். கிடைக்கவில்லை. எஸ்.ஏ. ராஜ்கண்ணு பணம் போட, அது '16 வயதினிலே' ஆயிற்று. எடுத்து முடித்தால் வாங்க ஆள் இல்லை. பிரிவ்யூ தியேட்டர் வாசலில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்:

"என்னண்ணே, கமல் கோமணத்தோட நொண்டிக்கிட்டு வர்றாரு?"

"கதை அப்படிப்பா."

"கோட்டு சூட்டுல ஒரு கனவுப் பாட்டாச்சும்...?"

"இல்ல."

"ரஜினி இருக்காருல்ல, ஒரு ஃபைட்டு வச்சிருக்கலாமே?"

"கல்லத் தூக்கிப் போடுற சீன் இருக்கு."

"அப்ப ஜனங்க எதுக்குண்ணே வருவாங்க?"

ஜனங்கள் எதற்கு வந்தார்கள் என்பது 175 நாள் கழித்தும் அவருக்குப் புரிந்திருக்காது. ராஜ்கண்ணு தானே ரிலீஸ் செய்தார். அதுவரை திரையில் கிராமம் என்றால் ஸ்டுடியோவில் அட்டையால் கட்டியது. கதாநாயகி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அதில் தண்ணீர் இல்லை என்று நடையிலேயே தெரியும். தண்ணீர் தூக்கிய ஜனங்களுக்கு அது தெரியாது என்று நினைத்தது யார் புத்தியோ. 'இதாண்டா நம்ம ஊரு' என்று எங்கள் ஜில்லாவே அந்தப் படத்தைக் கொண்டாடியது. இதில் வேடிக்கை, அந்த ஊரை அவர் எடுத்தது கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம்! சி சென்டர்க்காரரை ஏமாற்றவே முடியாது என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு சி சென்டர்க்காரரால் முடியும்.

அடுத்த வருஷம் 'முள்ளும் மலரும்'. அதுவரை பக்கம் பக்கமாக வசனம் எழுதிப் பேர் வாங்கியவர் மகேந்திரன். அதை நம்பி, அண்ணன் தங்கை கதை வேறு என்று கேட்டதும், இன்னொரு 'பாசமலர்' தேறும் என்று வேணு செட்டியார் படம் எடுக்க ஒத்துக்கொண்டார். முடிந்த படத்தைப் போட்டுக் காட்டினால், வசனத்தையே காணோம். ஆட்கள் பார்க்கிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், போகிறார்கள். செட்டியார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு பாட்டு எடுக்க அவர் பணம் தராமல் நிறுத்தியபோது கமல்ஹாசன் கைக்காசைக் கொடுத்தார், அதில்தான் அது படமாயிற்று என்பது ஊரறிந்த கதை. முதல் வாரங்களில் கொட்டகை காத்தாடியது. அப்புறம் பார்த்தவர்கள் போய்ப் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள். படம் நூறு நாளைத் தாண்டியது. வசனமே இல்லாத படத்துக்கு அத்தனை வாய்ப்பேச்சு விளம்பரம்.

ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று சினிமாக்காரருக்குத் தெரியும் என்பதற்கு இன்னொரு அத்தாட்சி. டைரக்டர் ஸ்ரீதர் 'வெண்ணிற ஆடை' எடுக்கும்போது ஒரு பெண்ணை, ஸ்டார் ஆகும் களை இல்லை என்று அனுப்பிவிட்டார். அந்தப் பெண் பெயர் ஹேமமாலினி. ஸ்ரீதர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஒரே படத்தில் இரண்டு பேரைக் கண்டுபிடித்தவருக்கு மூன்றாவது ஆள் தப்பியிருக்கலாம். அந்த இரண்டு பேர் ஜெயலலிதா, நிர்மலா. 1965இல் படம் வந்தபோது சென்சார் 'ஏ' சர்டிபிகேட் கொடுத்துவிட்டது. ஜெயலலிதாவுக்கு அப்போது 17 வயது. நடிக்கலாம், பார்க்க முடியாது! ஆடியன்ஸுக்குப் பக்குவம் போதாது என்று சொல்வது வழக்கம்தான். கதாநாயகிக்கே போதாது என்று சர்க்கார் முத்திரை குத்தியது அந்தப் படத்துக்குத்தான்.

24 வருஷம் கழித்து அந்தப் படத்துக்கு போடியில் பார்ட் டூ வந்தது. 1989 ஜனவரி, சட்டமன்றத் தேர்தல். எம்.ஜி.ஆர். காலமாகி அ.தி.மு.க. இரண்டாகியிருந்தது. போடிநாயக்கனூர் தொகுதியில் சேவல் சின்னத்தில் ஜெயலலிதா. ஜானகி அணியின் இரட்டைப் புறா சின்னத்தில் வெண்ணிற ஆடை நிர்மலா! கோடம்பாக்கத்து கதை இலாகாவில் இப்படி ஒரு ட்விஸ்ட் சொல்லியிருந்தால், "ஜனங்க நம்ப மாட்டாங்கய்யா" என்று அடித்திருப்பார்கள்.

டெல்லிப் பத்திரிகைகள் அந்தக் காலத்தில் தமிழன் ஓட்டுப் போடுவதைப் பற்றி எழுதினால் ஒரே பாட்டுத்தான்: சினிமாவில் பார்த்த முகம் என்றால் குத்திவிடுவான். சரி, இங்கே இரண்டு முகமும் சினிமாவில் பார்த்தது, அதுவும் ஒரே படத்தில் பார்த்தது. இப்போது என்ன செய்வான்? காசைச் சுண்டிப் பார்ப்பானா? போடிக்காரர்கள் ஜெயலலிதாவைத் தெளிவாக ஜெயிக்க வைத்தார்கள். அவர் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். பக்கத்துத் தொகுதி ஆண்டிபட்டி. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே 1984இல் அவரை ஜெயிக்க வைத்த ஊர். அங்கே அவருடைய மனைவி, அவரோடு ஜோடியாக நடித்த ஜானகி நின்றார். தோற்றார். அதே தேர்தலில் திருவையாற்றில் சிவாஜி கணேசன் நின்றார். அவர் அழுதால் சேர்ந்து அழுத ஜனங்கள், அவர் ஓட்டுக் கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு ஆளுக்குப் போட்டார்கள். படம் வேறு, ஓட்டு வேறு என்று இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது? வாய்ஸ் ஓவரா போட முடியும்?

இதெல்லாம் நம் ஊர்ச் சாபக்கேடு என்று நினைக்காதீர்கள். 1942இல் ஹாலிவுட்டில் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ, ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தை ப்ரிவ்யூ போட்டது. கொஞ்சம் பேர் நெளிந்தார்கள். வெல்ஸ் பிரேசிலில் இருந்த சமயம் பார்த்து நாற்பது நிமிஷத்துக்கு மேல் வெட்டி, சுபம் போடுகிற மாதிரி ஒரு கிளைமாக்ஸை ஒட்டிவிட்டார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, போடிமெட்டு ஏறினால் கேரளா. உலக சினிமாவைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று நாம் பொறாமைப்படுகிற ஜனங்கள். அங்கே 1998இல் ஃபாசில் 'ஹரிகிருஷ்ணன்ஸ்' எடுத்தார். மம்முட்டி, மோகன்லால் இரண்டு பேருக்கும் நடுவில் ஜூஹி சாவ்லா. யாருக்குக் கிடைப்பார்? இவர் ரசிகர் கோபித்துக்கொண்டால்? அவர் ரசிகர் சண்டைக்கு வந்தால்? ஒரே படத்துக்கு வேறு வேறு கிளைமாக்ஸ் வைத்து ரிலீஸ் செய்தார்கள். எர்ணாகுளத்தில் ஒருவரைக் கட்டிக்கொண்டவர் அடுத்த ஊரில் இன்னொருவரைக் கட்டிக்கொண்டார் என்றால் ஊர் உலகம் என்ன பேசும்? பேசியது.

எங்கள் மலைக்கே கேமரா வந்தது. போடிக்கு மேலே குரங்கணி. ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போன பாதை. அந்தப் பக்கம் பிரபு சாலமன் 'மைனா' எடுத்தார். பெரிய ஸ்டார் கிடையாது, ஃபாரின் பாட்டு கிடையாது. 2010 தீபாவளிக்கு தனுஷ் படத்தோடு போய் மோதியது. யார் இது, தீபாவளி அதுவுமா இப்படி அழுக்குச் சட்டையோடு வந்து நிற்பது என்று பார்த்திருப்பார்கள். அந்த அழுக்குச் சட்டைதான் ஜெயித்தது. தம்பி ராமையாவுக்கு தேசிய விருதும் வந்தது.

2018இல் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது. லெனின் பாரதி இயக்கம், விஜய் சேதுபதி தயாரிப்பு, இசை மேற்படி பண்ணைப்புரத்துத் தம்பி. எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலை இறங்குகிற ரங்கசாமிக்கு, துண்டு நிலம் வாங்க வேண்டும் என்று ஆசை. ஒரு மூட்டை கால் இடறிச் சரிவில் உருண்டு, காய் பள்ளத்தில் சிதறும். இடி கிடையாது, மின்னல் கிடையாது, வீணைக் கம்பி அறாது. "ஐயோ, என் வாழ்க்கையே போயிற்றே" என்று யாரும் தூணில் சாய மாட்டார்கள். சாய மலையில் தூண் ஏது?

மலைக்குக் காய் எடுக்க விடியற்காலையில் ஜீப்பில் அடைந்துகொண்டு போகிற பெண்கள் அந்தக் காட்சியைப் பார்த்தால் விளக்கமா கேட்பார்கள்? மூட்டை எத்தனை கிலோ, அன்றைக்கு என்ன ரேட்டு, எவ்வளவு நஷ்டம் என்று காய் தரையைத் தொடுமுன் கணக்குப் போட்டுவிடுவார்கள். "ஏக்கா, அவன் இனி எந்திரிக்க மாட்டான்" என்று ஒருத்தி சொல்ல, "கடேசில காத்தாடிக்குத்தான் காவல் நிப்பான் பாரு" என்று இன்னொருத்தி கிளைமாக்ஸையே சொன்னாலும் ஆச்சரியமில்லை. அவர்கள் வீட்டுப் பக்கமும் காற்றாலை வந்துவிட்டது.

இந்த மாதிரிப் படத்துக்கு வியாபாரத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: அவார்டு படம். அதாவது ஏ சென்டரில் நாலு தியேட்டர், ஃபிலிம் ஃபெஸ்டிவல், அதோடு சரி. ஏலக்காய் மூட்டை தூக்குகிறவனின் கதை ஏலக்காய் மூட்டை தூக்குகிறவனுக்குப் புரியாதாம்!